சூடான பேரல்: அட்டையில் தெரியும் அறிகுறிக்கு எங்கே தேடுவது

துப்பாக்கி சுடும் ரேஞ்சில் பக்கத்து மேசைக்காரர் தன் இலக்கு அட்டையைக் கழற்றிக்கொண்டு வருவார். மூன்று துளைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கும். நான்காவது இரண்டு விரற்கடை மேலே. ஐந்தாவது இன்னும் மேலே, கொஞ்சம் வலப்புறம் தள்ளி. “பேரல் (குழல்) போயிடுச்சா?” என்பார். நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: இந்த ஐந்தையும் எத்தனை நிமிடத்தில் சுட்டீர்கள்? அதற்குப் பதில் இருக்காது. எந்தத் துளை எத்தனையாவது என்பதும் நினைவிருக்காது. வரிசையும் நேரமும் தெரியாத அட்டையை வைத்து யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த அட்டையை வைத்துத்தான் பலர் புது பேரலுக்கு விலை விசாரிக்கிறார்கள்.

என் ரைபிளிலேயே இந்தச் சிதறலுக்குக் காரணத்தைப் பலமுறை தேடி அலைந்திருக்கிறேன், கேட்டவர்களுடையதிலும் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். பேரல் சூட்டின் மேல் பழி போட்ட பல சிக்கல்கள் கடைசியில் ஒரு ஸ்குரூவிலோ ஸ்டாக்கிலோ (துப்பாக்கியைத் தாங்கும் கட்டை) போய் முடிந்தன. அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்குகிறேன். பர்ஸைத் திறக்க வைக்கும் காரணம் கடைசியில் வரும்.

சென்டர்ஃபயர் போல்ட் ரைபிளை (கையால் போல்ட்டை இழுத்து ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றுவது) மனதில் வைத்து எழுதியது இது. .22 ரிம்ஃபயரில் பேரல் அந்த அளவுக்குச் சூடாவதில்லை. அதில் குரூப் (துளைகளின் கூட்டம்) விரிந்தால் தோட்டாவையும் நீங்கள் உட்காரும் விதத்தையும் பாருங்கள். ஏர் ரைபிள்காரர்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது. செமி ஆட்டோ (அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி) வைத்திருப்பவர்கள், தோட்டா சேம்பரில் (பேரலின் பின்முனையில் அது உட்காரும் அறை) தங்குவது பற்றிய பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம்.

## எதைத் தொடுவதற்கும் முன்னால்

மேகசீன் வெளியே. போல்ட் முழுக்கப் பின்னால். சேம்பர் காலி என்று கண்ணால் பார்த்த பிறகு சேம்பர் ஃபிளாக் (காலி என்று காட்ட உள்ளே செருகும் சிறு கொடி). துப்பாக்கியின் வாய் எப்போதும் மண்மேட்டைப் பார்த்தபடி. கீழே சொல்லும் கைவைத்துப் பார்க்கிற வேலைகள் எல்லாம் இந்த நிலையில் மட்டும்தான். சூடான சேம்பருக்குள் விரலை விட்டுப் பார்க்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. விரலும் சுடும், ஃபிளாக் முழுசாக உள்ளே போனாலே சேம்பர் காலி என்று தெரிந்துவிடும்.

சூட்டை அளக்கக் கருவி தேவையில்லை. ஸ்டாக் முடிகிற இடத்துக்கு ஒரு சாண் முன்னால் பேரலைப் புறங்கை விரலால் ஒரு கணம் தொடுங்கள். தாங்குகிறது என்றால் உள்ளங்கையால் பிடித்து ஐந்து வரை எண்ணுங்கள். ஐந்து வரை பிடிக்க முடிந்தால் அடுத்ததைச் சுடலாம். மூன்றில் கை தானாக விலகினால் நிறுத்துங்கள். புறங்கைக்கே பொறுக்கவில்லை என்றால் அந்தச் சுற்று முடிந்தது, போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். 60 டிகிரி செல்சியஸில் இருக்கும் இரும்பு சில நொடிகளிலேயே தோலைச் சுட்டுவிடும்; அதனால் வீரம் காட்ட வேண்டாம். எப்போதும் ஒரே இடத்தில் தொடுங்கள். சேம்பர் பக்கம் இரும்பு கனம், மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும். முன்பக்கம் மெலிந்திருக்கும், சீக்கிரம் சுடும், சீக்கிரம் ஆறும். இன்றைக்கு அங்கே, நாளைக்கு இங்கே என்று தொட்டால் கணக்கு ஒத்துப்போகாது.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வைத்திருந்தால் சரி. ஆனால் பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் பேரலில் அது உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். பேரலில் விரல் அகலத்துக்குக் கறுப்பு டேப் ஒட்டி, அந்த டேப்பைக் குறிவைத்து அளந்தால் நம்பலாம்.

அப்புறம் இரண்டு அட்டைச் சோதனை. எல்லாக் கிளைகளும் இங்கிருந்துதான் பிரிகின்றன. பேரல் முழுக்க ஆறியிருக்கும்போது முதல் அட்டையில் பத்து சுடுங்கள், அரை நிமிடத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் எங்கே விழுந்தது என்று ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் பார்த்து, நோட்டில் வட்டம் போட்டு எண் எழுதுங்கள். பேரல் கைச்சூட்டுக்கு இறங்கும்வரை காத்திருந்து, இரண்டாவது அட்டையில் அதே தோட்டா, அதே மேசை, அதே மணல்மூட்டை வைத்துப் பத்து. ஆனால் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஐந்து எண்ணும் சோதனையில் பேரல் தேற வேண்டும். கட்டாயம் நேரம் பிடிக்கும். ஒரு காலைப் பொழுது போனாலும் பரவாயில்லை, பின்னால் மிச்சமாவது அதைவிட அதிகம்.

முதல் அட்டையில் மட்டும் துளைகள் ஒரு திசையில் நகர்ந்தால், சூடு சம்பந்தப்பட்டிருக்கிறது. அடுத்த பகுதிக்குப் போங்கள். இரண்டு அட்டையும் ஒரே மாதிரி சிதறினால் சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. “ஆறிய பேரலிலும் சிதறுகிறது” பகுதிக்குத் தாவுங்கள்.

## சூடேறச் சூடேறத் துளைகள் ஒரே பக்கமாக நகர்கின்றன

1, 2, 3 என்று எண்ணிக்கொண்டு போனால் ஒரு படிக்கட்டு மாதிரி ஏறும். அல்லது மூலைவாட்டில் நகரும். ஆறவிட்டால் முதல் குண்டு பழைய இடத்துக்கே திரும்பும்.

முதலில் ஸ்குரூக்கள். ஸ்கோப் ரிங், மவுன்ட், அப்புறம் ஸ்டாக்கையும் ரிசீவரையும் (பேரல் மாட்டியிருக்கும், போல்ட் ஓடும் உடற்பகுதி) பிடித்திருக்கும் ஆக்‌ஷன் ஸ்குரூக்கள். சும்மா கையால் ஆட்டிப் பார்த்தால் தெரியாது. முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் (torque) ஸ்குரூடிரைவரால் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முறுக்கிப் பாருங்கள். ஒரு நண்பரின் ரைபிளில் முன் ஸ்குரூ கால் சுற்று திரும்பியது. அவ்வளவுதான். அவர் அதற்குள் இரண்டு பிராண்ட் தோட்டா மாற்றிப் பார்த்திருந்தார். அளவுக்கு மேல் முறுக்கவும் வேண்டாம். மர ஸ்டாக் நசுங்கினால் அது வேறு கதை.

அடுத்து, பேரல் ஸ்டாக்கைத் தொடுகிறதா? இதில் கொஞ்சம் நிதானமாக நில்லுங்கள், பெரும்பாலும் திருடன் இங்கேதான் இருப்பான். ஒரு தாளை நான்காக மடித்து, பேரலுக்கும் ஸ்டாக்கின் பள்ளத்துக்கும் நடுவில் முன்பக்கமாக நுழைத்து ரிசீவர்வரை இழுங்கள். தடையில்லாமல் போக வேண்டும். ஒற்றைத் தாள் போகிறது, மடித்த தாள் சிக்குகிறது என்றால் அந்த இடைவெளி போதாது. 60 செ.மீ. பேரலின் முனை ஏறக்குறைய 0.17 மி.மீ. ஒரு பக்கம் விலகினாலே 100 மீட்டரில் குண்டு 29 மி.மீ. தள்ளி விழும். இரண்டு தலைமுடி கனம். ஸ்டாக்கில் ஒரு பக்கம் உரசினால் அதைத் தாண்டிவிடும்.

இந்தச் சோதனையை மூன்று நிலையில் செய்யுங்கள். மேசையில் சும்மா வைத்து ஒரு முறை. பைபாட் (முன்பக்கம் தாங்கும் இரட்டைக் கால்) போட்டு, நீங்கள் சுடும்போது சாய்கிற அதே பாரத்தோடு ஒரு முறை. பிளாஸ்டிக் ஸ்டாக்கின் முன்பகுதி இதில் வளைந்து பேரலை முட்டும், சும்மா வைத்திருக்கும்போது விலகியே இருக்கும். ஸ்லிங்கை (தோள்வாரை) இழுத்துப் பிடித்துச் சுடுபவர் என்றால் அப்படியும். மூன்றாவது, பத்து சுட்டுச் சூடேறிய பின்பு, ஃபிளாக் போட்டு. குளிரில் போன தாள் சூட்டில் எங்கே நிற்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு.

மர ஸ்டாக்கில் ஈரக்காற்று அடிக்கும் நாட்களில் மரம் உப்பி, வெயில் காலத்தில் தாராளமாக இருந்த இடைவெளி காணாமல் போகும். அட்டை பருவத்துக்குப் பருவம் மாறுகிறது என்றால் சந்தேகமே வேண்டாம்.

சரிசெய்வது கஷ்டமில்லை. பேரலைவிடச் சற்றுத் தடித்த உருட்டுக் கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி, பென்சில் கோடு போட்ட இடத்தைத் தேயுங்கள். கொஞ்சம் தேய்த்து, மாட்டி, தாளை விட்டுப் பார்த்து, மறுபடி தேயுங்கள். முடிந்ததும் தேய்த்த மரத்துக்கு வார்னிஷ் பூசி மூடாவிட்டால் அடுத்த ஈரக்காற்றில் திரும்பவும் இதே வேலை.

ஒரு எச்சரிக்கை. சில ரைபிள்களில் ஸ்டாக்கின் முனையில் பேரலைத் தாங்கும் மேடு ஒன்றை வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். தாள் அங்கே மட்டும் நிற்கிறது, இரண்டு பக்கமும் சமமாக நிற்கிறது என்றால் அது அதுவாக இருக்கலாம். அதை உடனே தேய்த்து எடுத்துவிடாதீர்கள், திரும்ப வைப்பது சுலபமில்லை. மேட்டைத் தொடாமல் சோதிக்க, ஆக்‌ஷன் ஸ்குரூவுக்குப் பக்கத்தில் ரிசீவருக்கு அடியில் மெல்லிய தகடு வைத்துப் பேரலைக் கொஞ்சம் உயர்த்திச் சுட்டுப் பாருங்கள். நகர்வது நின்றால் மேடுதான் காரணம்.

மூன்றாவது, பெடிங், அதாவது ரிசீவர் ஸ்டாக்கில் உட்காரும் விதம். ஸ்குரூ சரி, பேரல் எதையும் தொடவில்லை, ஆனாலும் நகர்கிறது. முன் ஸ்குரூவை மெதுவாகத் தளர்த்தும்போது, பேரலுக்கும் ஸ்டாக் முனைக்கும் நடுவில் விரலை வைத்து உணருங்கள். இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவது விரலுக்குத் தெரிந்தால் ரிசீவர் ஸ்டாக்கில் சமமாக உட்காரவில்லை. எபாக்ஸி பெடிங் செய்ய வேண்டும். வீட்டிலேயே செய்பவர்கள் உண்டு. ரிலீஸ் ஏஜென்ட் (ஒட்டாமல் தடுக்கும் பூச்சு) பூச மறந்து ரைபிளையும் ஸ்டாக்கையும் நிரந்தரமாக ஒட்டிவிட்டவர்களும் உண்டு. இங்கே ஆர்மரரை (துப்பாக்கி பழுதுபார்ப்பவரை) கூப்பிடுவது மலிவு.

கடைசியாக, பேரலே. தயாரிக்கும்போது இரும்புக்குள் தங்கிவிட்ட இறுக்கம், சூடேறும்போது பேரலை ஒரு பக்கம் வளைக்கும். எல்லாம் சரிபார்த்த பிறகும் ஒவ்வொரு முறையும் அதே திசையில், ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் நகரத் தொடங்கினால் இதுதான். உங்களால் சரிசெய்ய முடியாது. ஆனால் பேரலை மாற்றுவதற்கு முன் ஒரு கேள்வி: உங்களுக்குத் தொடர்ந்து பத்து சுட வேண்டிய தேவை இருக்கிறதா? மெல்லிய பேரல் வைத்த ரைபிள்கள் முதல் மூன்று குண்டுக்காகச் செய்யப்பட்டவை. மூன்று சுட்டு, ஆறவிட்டு, மறுபடி மூன்று. அப்படிப் பார்த்தால் அந்த பேரலில் குறையே இல்லை. போட்டிக்குப் போகிறீர்கள் என்றால் மட்டும் கனமான பேரலுக்குச் செலவழியுங்கள். பேரலைக் கடுங்குளிரில் உறையவைத்துச் சரிசெய்து தருவதாகச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தப் பணத்துக்குத் தோட்டா வாங்குவேன் நான்.

## ஸ்கோப்பில் இலக்கு நடனமாடுகிறது

ஏழெட்டு சுட்டபின் இலக்கின் வட்டங்கள் நெளிகின்றன, சூடான தார் ரோட்டைப் பார்க்கிற மாதிரி. துளைகள் காரணமே இல்லாமல் மேலும் கீழும் விழுகின்றன. பேரலுக்கு ஒன்றும் ஆகவில்லை; அதிலிருந்து கிளம்பும் சூடான காற்று ஸ்கோப்புக்கு முன்னால் ஏறி, நீங்கள் பார்க்கும் இடத்தை நகர்த்துகிறது. இலக்கு இல்லாத இடத்தைக் குறிவைக்கிறீர்கள்.

சுடாமலே சோதிக்கலாம். போல்ட் திறந்திருக்கட்டும், ஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே இருங்கள். கூட இருப்பவர் பக்கவாட்டில் நின்று, பேரலுக்கு மேலே ஒரு அட்டையால் விசிறட்டும். படம் நின்றால் பேரல்தான். விசிறியும் நெளிந்தால் அது தரையிலிருந்து வரும் கானல். அதற்கு நீங்கள் செய்யக்கூடியது அதிகமில்லை, காலையில் வாருங்கள்.

பேரல்தான் என்றால் ஸ்கோப்பின் முன் கண்ணாடியிலிருந்து பேரல் முனைவரை ஒரு பட்டை கட்டுங்கள். மிராஜ் பேண்ட் என்று தனியாக விற்கிறார்கள். ஜன்னல் பிளைண்டிலிருந்து கழற்றிய ஒரு பட்டையை வெல்க்ரோவால் ஒட்டினாலும் அதே வேலைதான் நடக்கும். சூடான காற்று பட்டைக்கு அடியிலேயே ஓடி இரண்டு பக்கமும் பிரிந்துபோகும். ஆறவிடும்போது பட்டையைக் கழற்றிவிடுங்கள்; சூட்டையும் அது கொஞ்சம் பிடித்து வைக்கும். சப்ரஸர் (சத்தம் குறைக்கும் குழாய்) மாட்டியிருந்தால் நெளிவு இன்னும் மோசமாக இருக்கும். பேரல் கைச்சூட்டுக்கு வந்த பிறகும் சப்ரஸர் கொதித்துக்கொண்டிருக்கும், வெறுங்கையால் பிடித்துக் கழற்றப் போகாதீர்கள்.

இதற்கு ஆர்மரர் வேண்டாம்.

## இடையில் ஒரே ஒரு குண்டு மட்டும் உயரே பறக்கிறது

எண்ணிக்கை போட்ட நோட்டு இங்கேதான் கைகொடுக்கும். பறந்த குண்டுக்கு முன்னால் என்ன நடந்தது? காற்று நிற்கட்டும் என்று காத்திருந்தீர்களா? பக்கத்திலிருப்பவரிடம் பேசினீர்களா? அப்போது தோட்டா எங்கே இருந்தது?

சூடான சேம்பரில் ஒரு நிமிடம் உட்கார்ந்த தோட்டாவின் வெடிமருந்தும் சூடாகும், அழுத்தம் கூடும், குண்டு வேகமாகக் கிளம்பும். மருந்துக்கு மருந்து இது மாறுபடும். சிலவற்றில் கண்ணுக்கே தெரியாது, சிலவற்றில் அட்டையே காட்டிக்கொடுக்கும்.

சோதனை சுலபம். சூடான பேரலில் ஐந்து சுடுங்கள். தோட்டாவை ஏற்றிய பத்து நொடிக்குள் ஒவ்வொன்றையும் சுட வேண்டும். ஐந்தும் சேர்ந்து விழுந்தால் விடை கிடைத்துவிட்டது. இனிமேல் காற்று பார்ப்பது, மூச்சு சீராக்குவது எல்லாம் போல்ட் திறந்த நிலையில். தயாரான பிறகுதான் தோட்டா உள்ளே போக வேண்டும். தோட்டாப் பெட்டி வெயிலில் இருக்கிறதா என்றும் பாருங்கள், மேசைக்கு அடியில் நிழலுக்குத் தள்ளுங்கள்.

தோட்டா சேம்பரில் தங்குவது ஆபத்தும்கூட. மருந்தில் இருக்கும் நைட்ரோசெல்லுலோஸ் சுமார் 170 டிகிரி செல்சியஸில் தானாகவே தீப்பிடிக்கும். நிதானமாகச் சுடும் போல்ட் ரைபிளில் சேம்பர் அந்தச் சூட்டுக்குப் போவது அபூர்வம். செமி ஆட்டோவில் மேகசீன் மேல் மேகசீனாகக் கொட்டினால் போகும். ட்ரிகரை யாரும் தொடாமலே வெடிக்கும். அதில் ஒரு தொடர் முடிந்ததும் போல்ட் திறந்தே நிற்க வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம்.

ட்ரிகரை இழுத்தும் வெடிக்கவில்லை, பேரலும் சுடுகிறது? வாயை மண்மேட்டைவிட்டு அசைக்காதீர்கள். போல்ட்டைத் திறக்காதீர்கள். முகத்தையும் கையையும் கேஸ் (தோட்டாவின் பித்தளைக் கூடு) வெளியேறும் பக்கத்திலிருந்து விலக்குங்கள். குறைந்தது 30 நொடி காத்திருங்கள்; ஒரு நிமிடம் என்று விதி வைத்திருக்கும் ரேஞ்சும் உண்டு. கை வைக்க முடியாத சூட்டில் இருந்தால் அந்த நிலையிலேயே குரல் கொடுத்து ரேஞ்ச் ஆபீசரை வரச் சொல்லுங்கள், எப்போது திறப்பது என்பது அவருடைய முடிவு. “ஒன்னும் ஆகாது” என்று சொல்கிற நண்பர் எப்போதும் பக்கத்தில் இருப்பார். அவரைக் கண்டுகொள்ளாதீர்கள்.

## போல்ட் தூக்கக் கனக்கிறது, கேஸ் ஒட்டிக்கொள்கிறது

ஆறியிருக்கும்போது வெண்ணெய் மாதிரி திறந்த போல்ட், பத்துக்குப் பிறகு உள்ளங்கையால் தட்டினால்தான் நகர்கிறது. சுடுவதை நிறுத்துங்கள். சுட்ட கேஸைக் கையில் எடுத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். நடுவில் இருக்கும் ப்ரைமரின் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) ஓரம் மழுங்கி வளைந்திருக்க வேண்டும். தட்டையாகிப் பள்ளத்தை நிரப்பிப் பரந்திருந்தால், அல்லது கேஸின் அடியில் பளபளப்பான வட்டத் தேய்ப்பு தெரிந்தால், அழுத்தம் எல்லை தாண்டுகிறது.

அந்தக் குறிகள் இல்லை என்றால் சேம்பர் அழுக்காக இருக்கலாம். ஆறியபின் சேம்பர் பிரஷ்ஷால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்து மறுபடி பாருங்கள். சேம்பரில் எண்ணெய் மிச்சம் வைக்காதீர்கள்.

குறிகள் இருந்தால், அந்தத் தோட்டாவை இன்றைக்கு இனி சுடக் கூடாது. கடையில் வாங்கியது என்றால் வேறு பெட்டி, வேறு பேட்ச் வைத்து, ஆறிய பேரலில் ஒன்று மட்டும். நீங்களே மருந்து நிரப்பியது என்றால் எடையைக் குறைத்து முதலிலிருந்து தொடங்குங்கள். குளிர்காலத்தில் எல்லைக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்த அளவு, வெயிலிலும் சூடான சேம்பரிலும் எல்லையைத் தாண்டும். வேறு தோட்டாவிலும் இதே குறி வந்தால் ரைபிளை ஆர்மரரிடம் கொடுக்கும்வரை சுட வேண்டாம். இந்த ஒரு அறிகுறியில் நான் பேரம் பேசுவதில்லை.

## பேரல் ஆறவே மாட்டேன் என்கிறது

குறை எதுவும் இல்லை, காத்திருக்கத்தான் பொறுமை இல்லை. மெல்லிய பேரலே மூன்று குண்டுக்குப் பிறகு பத்து நிமிடம் கேட்கும். கனமான பேரல் அதிகம் தாங்கும், ஆனால் சூடேறிவிட்டால் அரை மணியானாலும் அசையாது. கனமான பேரல் வாங்கினால் சீக்கிரம் ஆறும் என்று நினைத்து வாங்கி ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் நிழல். கறுப்பு பேரலை வெயிலில் கிடத்தி வைத்து ஆறவில்லை என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

அடுத்து, நிமிர்த்தி வையுங்கள். போல்ட் திறந்து, வாய் மேலே பார்க்க, துப்பாக்கி ஸ்டாண்டில். உள்ளே இருக்கும் சூடான காற்று புகைபோக்கி மாதிரி மேலேறும், திறந்த சேம்பர் வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். நன்றாகச் சூடேறிய பேரலை நிமிர்த்தியதும் வாய்க்கு மேலே காற்று நெளிவது தள்ளி நின்று பார்த்தாலே தெரியும். மேசையில் படுக்கவைத்தால் இந்த ஓட்டம் இருக்காது. எந்த ஃபிளாக் போட்டாலும் துளையை முழுசாக அடைக்காததைத் தேர்ந்தெடுங்கள். ரேஞ்சில் ஆட்கள் அட்டை மாற்ற முன்னால் போகும்போது யாரும் துப்பாக்கியைத் தொடக் கூடாது. அதனால் அந்த அறிவிப்பு வரும் முன்பே நிமிர்த்தி வைத்துவிட்டு நகருங்கள். அட்டை மாற்றுகிற நேரமும் ஆறுகிற நேரமாகிவிடும்.

பிறகு ஈரத்துணி. பருத்தித் துண்டை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, ஸ்டாக்குக்கு முன்னால் இருக்கும் பேரலில் சுற்றுங்கள். சூடு குடித்ததும் எடுத்து உதறி, திருப்பிச் சுற்றுங்கள். காற்று அடித்தால் இன்னும் வேகம். ஒரு பக்கம் மட்டும் ஒட்டி வைக்காமல் முழுசாகச் சுற்ற வேண்டும்; ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சுட்டால் பேரல் வளையும், பிறகு சுடுகிற குண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. துணியை எடுத்தபின் உலர்ந்த துணியால் துடைத்து, இரண்டு நிமிடம் விட்டுத்தான் சுட வேண்டும். தண்ணீர் ஸ்டாக் பள்ளத்துக்குள்ளோ போல்ட் பக்கமோ ஒழுகக் கூடாது.

வெளியிலிருந்து தண்ணீரால் ஆறவைப்பது புதுசில்லை. விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கியின் பேரலைச் சுற்றி ஏறக்குறைய 4 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் உறையே இருந்தது. விடாமல் சுட்டால் சில நிமிடத்தில் அந்தத் தண்ணீர் கொதிக்கும். ஆனால் அங்கேயும் தண்ணீர் வெளியில்தான், குழலுக்குள் இல்லை. சேம்பர் வழியாகத் தண்ணீர் ஊற்றி ஆறவைப்பவர்கள் இருக்கிறார்கள். சீக்கிரம் ஆறும், மறுக்கவில்லை. உள்ளே தங்கிய தண்ணீரோடு சுட்டால் அழுத்தம் எகிறும், பேரலே உப்பலாம். ஒவ்வொரு முறையும் துணி விட்டு எடுத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். மிச்சமாகும் ஐந்து நிமிடத்துக்கு அந்த ரிஸ்க்கை நான் எடுக்க மாட்டேன்.

காசு செலவழிக்கத் தயார் என்றால் சிறிய பேட்டரி விசிறி. சேம்பரில் பொருந்தும் குழாய் வழியாகக் காற்றை உள்ளே ஊதும். காற்று மெத்தைக்கு ஊதும் பம்பில் ரப்பர் குழாயை மாட்டிச் சொந்தமாகச் செய்துகொண்டவரின் கருவியும் அதே மாதிரிதான் வேலை செய்தது. சூட்டை ஒரேயடியாக இறக்காது, காத்திருக்கும் நேரத்தைக் கணிசமாகக் குறைக்கும். ஃபிளாக்குக்குப் பதில் இந்தக் குழாய் போதுமா என்று முன்கூட்டியே ரேஞ்ச் ஆபீசரிடம் கேட்டுவிடுங்கள்.

செய்யக் கூடாதவை: கீபோர்டு தூசி ஊதும் கேனைத் தலைகீழாகப் பிடித்து அடிப்பது (பல கேன்களில் இருப்பது தீப்பிடிக்கும் வாயு), ஆல்கஹால் தெளிப்பது (அதுவும் அப்படியே), ஐஸ் கட்டி வைப்பது. ஐஸ் ஒரு இடத்தை மட்டும் குளிரவைக்கும், சுற்றிலும் பனித்துளியாகத் தண்ணீர் கோக்கும்.

எல்லாவற்றையும்விட நான் அதிகம் பயன்படுத்துவது இன்னொரு ரைபிள். ஒன்று ஸ்டாண்டில் ஆறும்போது .22-ஐ எடுத்து நிதானமாகச் சுடுவேன். ட்ரிகர் பயிற்சியும் ஆகிறது, கை சும்மா இல்லாததால் சூடான ரைபிளை அவசரப்பட்டு எடுக்கிற சபலமும் வருவதில்லை.

கார்பன் ஃபைபர் சுற்றிய பேரல் வைத்திருந்தால் கைவைக்கும் சோதனையை நம்ப வேண்டாம். வெளியே மிதமாக இருக்கும்போதே உள்ளிருக்கும் மெல்லிய இரும்பு கொதித்துக்கொண்டிருக்கலாம். அதில் எண்ணிக்கையும் கடிகாரமும்தான் கணக்கு.

## ஆறிய பேரலிலும் சிதறுகிறது

முதல் குண்டு மட்டும் தள்ளி விழுந்து, மற்றவை சேர்ந்தால், துடைத்தபின் குழலில் எண்ணெய் தங்கியிருக்கிறது. சுடும் முன் உலர்ந்த துணி இரண்டு முறை விட்டு எடுங்கள். அதன் பிறகும் அப்படியே என்றால் அது அந்த ரைபிளின் சுபாவம்; எங்கே விழுகிறது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாமே சிதறினால் முதலில் வேறொருவரைச் சுடச் சொல்லுங்கள். சங்கடமான சோதனைதான். ஆனால் இலவசம். அவர் கையில் குரூப் சேர்ந்தால் விஷயம் முடிந்தது. சேரவில்லை என்றால் நன்றாகச் சுடும் என்று தெரிந்த வேறொரு ஸ்கோப்பை மாட்டிப் பாருங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் செம்புப் படிவு. செம்பு கரைக்கும் சால்வென்ட்டில் நனைத்த துணி நீலமாக வெளியே வரும்; நீலம் வருவது நிற்கும்வரை திரும்பத் திரும்ப விடுங்கள், இரண்டு மூன்று நாள் ஆனாலும் சரி.

இவ்வளவுக்கும் மசியவில்லை, ஆயிரக்கணக்கில் சுட்ட ரைபிள் என்றால் சேம்பருக்கு முன்னால் குழல் தொடங்கும் இடம் எரிந்திருக்கலாம். போர்ஸ்கோப் (குழலுக்குள் பார்க்கும் சிறு கேமரா) விட்டால் வற்றிய ஏரித்தரை மாதிரி குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு தெரியும். கொஞ்சம் வெடிப்பு எல்லா பேரலிலும் இருக்கும், அதைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம். .308 வின்செஸ்டரில் 5,000 தாண்டியும் நன்றாகச் சுடும் பேரல்கள் சாதாரணம். 6.5 கிரீட்மோரில் போட்டிக்காரர்கள் 2,000 முதல் 3,000-க்குள் மாற்ற யோசிப்பார்கள். சூடான பேரலில் விடாமல் சுட்டுக்கொண்டே இருந்தால் இந்த எண்கள் எல்லாம் வேகமாகச் சுருங்கும். இந்தக் கட்டத்தில் எண்ணிக்கை எழுதிய நோட்டோடு ஆர்மரரிடம் போங்கள். எத்தனை சுட்டிருக்கிறீர்கள் என்பதுதான் அவரும் முதலில் கேட்பார்.

## கிளம்பும்போது

சூடான ரைபிளை ஸ்பாஞ்ச் வைத்த பெட்டிக்குள் போட்டு மூடாதீர்கள். உள்ளே வியர்த்து, மறுநாள் திறக்கும்போது பேரலில் மெல்லிய ஆரஞ்சுப் பொடி படிந்திருக்கும். எனக்கு அது ஒருமுறை நடந்திருக்கிறது. ஸ்பாஞ்சின் சதுர அச்சு பேரலில் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. சால்வென்ட் போடுவதும் கைச்சூட்டுக்கு வந்த பிறகுதான். சூட்டில் ஊற்றினால் வேலை செய்யும் முன்பே ஆவியாகி உங்கள் மூக்கில் ஏறும், அந்த ஆவி தீப்பிடிக்கக்கூடியதும்கூட. கடைசிச் சுற்றை அரை மணி முன்னதாக முடித்துக்கொண்டு, ஸ்டாண்டில் நிமிர்த்தி வைத்துவிட்டு, கேஸ் பொறுக்கப் போங்கள்.